கல்லூரியின் முதல் ஆண்டு: மாணவர் அனுபவத்தை அளப்பதும் சீர்செய்வதும்

முதலாம் ஆண்டு மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பேராசிரியராக இருக்கலாம், மாணவர் நலப் பிரிவில் இருக்கலாம், அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவராகவும் இருக்கலாம். இந்தப் பொறுப்பு வந்ததும் பலரும் முதலில் கைவைப்பது வரவேற்பு விழாவில்தான். நல்ல பேச்சாளரை அழைப்பார்கள், குழு விளையாட்டுகள் வைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் விழா சரியில்லை என்பதற்காக யாரும் படிப்பை விடுவதில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு மாணவருக்குக் கணிதம் புரியாமல் போகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு வகுப்பைத் தவறவிடுகிறார், அடுத்ததற்குப் போகக் கூச்சமாக இருக்கிறது. முதல் தேர்வுக்குப் பிறகு அந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

அதனால் முதலில் அளக்க வேண்டும், அப்புறம்தான் மாற்ற வேண்டும். அளக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: மாணவர் தடுமாறிய இடத்தில் கல்லூரி என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தது? ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை’ என்பதில் தொடங்கும் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். அதை வைத்துக் கல்லூரியால் எதையும் திருத்த முடியாது.

முதலாண்டு மாணவர் அனுபவத்தைக் கவனிக்கும் இந்தத் துறைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970-இல் மாணவர் போராட்டம் வெடித்தது. அதன் பிறகு அப்போதைய தலைவர் தாமஸ் ஜோன்ஸ், மாணவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவை முதலாண்டிலேயே சரிசெய்ய நினைத்தார். புது மாணவர்களைப் பல்கலைக்கழக வாழ்க்கைக்குப் பழக்கும் ‘யுனிவர்சிட்டி 101’ என்ற பாடம் 1972-இல் அங்கே தொடங்கியது. அதைப் பல ஆண்டுகள் நடத்திய ஜான் கார்ட்னர் வழியாக அந்த அனுபவம் மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: பாடம் நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கான பயிற்சியும் அந்தத் திட்டத்தின் பகுதியாக இருந்தது. மாணவர் மட்டும் மாற வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பட்டியலைப் பூட்டுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இதில் பிசகினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பிசகும். ‘முதலாம் ஆண்டு மாணவர்’ என்று யாரை எண்ணுகிறீர்கள்? கடைசிச் சுற்றில் தாமதமாகச் சேர்ந்தவர்கள் உண்டா? வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள்? முதலாண்டை மீண்டும் படிப்பவர்கள்? பகுதிநேர மாணவர்கள்? எழுத்தில் ஒரு வரையறை செய்யுங்கள். வகுப்பு தொடங்கும் நாளில் இருக்கும் பட்டியலைச் சேமித்து வையுங்கள். அதற்குப் பிறகு சேருபவர்களைச் சேர்ந்த தேதியுடன் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஏன் முதல் நாள்? பல கல்லூரிகளில் பட்டியல் ஒரு மாதம் கழித்துத்தான் முடிவாகும். அதற்குள் விலகியவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். முதல் மாதத்தில் போனவர்களை விட்டுவிட்டு இடைநிற்றலைக் கணக்கிட்டால் எண் அழகாக வரும். நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியவர்களே அதில் இருக்க மாட்டார்கள்.

குழு

ஏழெட்டுப் பேர் போதும். முதலாண்டின் பெரிய பாடங்களை எடுக்கும் ஆசிரியர் ஒருவர், தேர்வுப் பிரிவில் பதிவேடுகளை உண்மையிலேயே கையாளும் ஊழியர், விடுதிக் காப்பாளர், நூலகர், மனநல ஆலோசகர் இருந்தால் அவர், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவர். மாணவர்களை ஒப்புக்கு உட்கார வைக்காதீர்கள். ஓராண்டுக்கு முன் இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் அந்த அறையில் அவர்கள் மட்டுமே. கல்லூரி முதல்வரிடம் ஒரு வாக்குறுதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்: முடிவுகள் வந்ததும் அவர் குழுவுடன் உட்கார்ந்து படித்து, எதை மாற்றுவது என்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

கையில் இருக்கும் எண்கள்

புதிய கருத்துக்கணிப்பு நடத்துவதற்கு முன், கல்லூரியிடம் ஏற்கெனவே இருப்பதை எடுங்கள். இடம் கிடைத்தும் வந்து சேராதவர்கள் எத்தனை பேர்? முதல் ஆறு வார வருகை எப்படி? முதல் உள்தேர்வு மதிப்பெண் என்ன? ஒவ்வொரு பாடத்திலும் தேறாதவர்களும் பாதியில் விட்டவர்களும் எத்தனை பேர்? முதல் செமஸ்டர் முடிவில் கட்டணம் நிலுவையில் இருப்பவர்கள் யார்? இரண்டாம் ஆண்டு முதல் வாரத்தில் வகுப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர்? முடிந்தால் மூன்று ஆண்டுகளுக்கான விவரம் வேண்டும். ஒரே ஓர் ஆண்டின் எண் ஏதோ ஒரு காரணத்தால் ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம்.

மொத்த சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், பள்ளியில் வேறு மொழியில் படித்தவர்கள், விடுதியில் தங்குபவர்கள், தினமும் தூரத்திலிருந்து வந்து போகிறவர்கள், தாமதமாகச் சேர்ந்தவர்கள் என்று பிரித்துப் பாருங்கள். மொத்தத்தில் 90 சதவீதம் தொடர்கிறார்கள் என்ற மகிழ்ச்சியான எண்ணுக்குள், தாமதமாகச் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் காணாமல் போயிருக்கலாம். அதே சமயம், பிரிவு மிகச் சிறியதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். எட்டுப் பேர் உள்ள குழுவில் ஒருவர் போனாலே 12.5 சதவீதம் ஆகிவிடும். அவ்வளவு சிறிய குழுவின் எண்ணை அறிக்கையில் போட்டால் அந்த ஒருவர் யார் என்பதும் வெளியே தெரிந்துவிடும்.

இந்த எண்களிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது பாடவாரியான தோல்விக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு. 600 பேர் சேரும் கல்லூரியில் 240 பேர் எடுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதில் 72 பேர் தேறவில்லை, அதாவது 30 சதவீதம். அதை 20 சதவீதமாகக் குறைத்தால் 24 மாணவர்கள் நிலுவைப் பாடம் இல்லாமல் அடுத்த செமஸ்டருக்குப் போவார்கள். 20 பேர் மட்டுமே படிக்கும் ஒரு விருப்பப் பாடத்தில் எவ்வளவு உழைத்தாலும் இத்தனை பேருக்கு உதவ முடியாது. எல்லாக் கல்லூரியிலும் இப்படி மூன்று நான்கு பாடங்கள் இருக்கும். பெரும்பாலும் எல்லோருக்கும் அவற்றின் பெயர் தெரியும். ஆனால் ‘அது கஷ்டமான பாடம், அப்படித்தான்’ என்று விட்டுவிட்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் 1973-இல் தொடங்கிய துணைக் கற்பித்தல் முறை இந்த இடத்தில்தான் வித்தியாசமாக யோசித்தது. ‘பின்தங்கிய மாணவர்’ என்று யாரையும் அடையாளப்படுத்தாமல், ‘கடினமான பாடம்’ என்று பாடத்தை அடையாளப்படுத்தினார்கள். அந்தப் பாடத்தை முன்பு நன்றாக முடித்த ஒரு சீனியர் மீண்டும் அதே வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார், பிறகு வாரந்தோறும் கூட்டுப் படிப்பு நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டாயம் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு எடுப்பவரும் அங்கே இருப்பதால் அங்கே போவது யாருக்கும் அவமானமாக இருக்காது. பிறகு பல நாடுகளில் இந்த முறை பரவியது.

புது மாணவரின் வழியில் நடந்து பாருங்கள்

எண்கள் எங்கே வலிக்கிறது என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. அதற்கு எளிய ஒரு வேலை இருக்கிறது. சேர்க்கை உறுதியான நாள் முதல் வகுப்பு தொடங்கி 30 நாள் வரை, ஒரு புது மாணவருக்குக் கல்லூரியிலிருந்து போகும் எல்லாவற்றையும் சேகரியுங்கள். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் அறிவிப்பு, படிவம், பலகையில் ஒட்டிய தாள் என்று எதையும் விடாதீர்கள். தேதி வரிசையில் ஒரு பெரிய மேசையில் பரப்பி வைத்துக் குழு முழுவதும் நின்று படியுங்கள்.

படிக்கும்போதே பல விஷயங்கள் கண்ணில் படும். ஒரே சான்றிதழை மூன்று அலுவலகங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கும். கட்டணத்துக்கான கடைசித் தேதி ஒரு தாளில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கும். கிரெடிட், எலெக்டிவ், இன்டர்னல் போன்ற சொற்களுக்கு எங்குமே விளக்கம் இருக்காது. வீட்டில் கல்லூரிக்குப் போன அண்ணனோ அக்காவோ இருந்தால் கேட்டுக்கொள்ளலாம், இல்லாதவர் என்ன செய்வார்? பத்துச் செய்தியில் எட்டு, ‘தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற தொனியில் இருக்கும். உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் செய்தி முதல் வாரத்தின் முப்பது பக்கக் கையேட்டில் இருபத்தெட்டாம் பக்கத்தில் இருக்கும்.

அடுத்து, ஒரு முதலாண்டு மாணவரின் சம்மதத்துடன் அவருடைய ஒரு முழு நாளைப் பின்தொடருங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே உள்ள நேரத்தில் எங்கே உட்காருகிறார், யாருடன் பேசுகிறார் என்று பாருங்கள். ஆசிரியரின் அறைக் கதவு திறந்திருக்கிறதா? நூலகம் மூடும் நேரத்துக்கும் அவருடைய கடைசிப் பேருந்துக்கும் ஒத்துப்போகிறதா? ஒரு நாள் இப்படிச் சுற்றிய முதல்வர், எந்த அறிக்கையும் காட்டாததைப் பார்த்துவிடுவார். இதை வற்புறுத்திக் கேளுங்கள்.

கேட்பது

இப்போது கேள்வித்தாள். ஆண்டு முடிவில் நடத்தும் கருத்துக்கணிப்பில் ஒரு பெரிய குறை உண்டு: போனவர்கள் அதில் பதில் சொல்ல மாட்டார்கள். நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் ஒருமுறை, இரண்டாம் செமஸ்டர் நடுவில் ஒருமுறை நடத்துங்கள். பத்துக் கேள்விகளுக்கு மேல் வேண்டாம்.

‘கல்லூரி வசதிகள் உங்களுக்குத் திருப்தியா?’ என்பது போன்ற கேள்விகளால் பயனில்லை. ‘ஓரளவு’ என்று 60 சதவீதம் பேர் சொன்னால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் தேசிய மாணவர் ஈடுபாட்டுக் கணிப்பும் மாணவர்கள் எதை எவ்வளவு அடிக்கடி செய்தார்கள் என்றே பெரிதும் கேட்கிறது. நான் வைக்கச் சொல்லும் கேள்விகள் இப்படி இருக்கும்:

கடந்த ஏழு நாளில் பாட சந்தேகம் ஒன்றை ஓர் ஆசிரியரிடம் கேட்டீர்களா? இல்லையென்றால் எது தடுத்தது?

பாடம் புரியாவிட்டால் முதலில் யாரிடம் போவீர்கள்?

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா?

வகுப்புக்கு வெளியே சேர்ந்து சாப்பிட, படிக்க உங்களுக்கு ஆள் இருக்கிறதா?

படிப்பை விட்டுவிடலாம் என்று இந்த மாதம் யோசித்தீர்களா? யோசித்திருந்தால் எதனால்?

பெயருடனா பெயரில்லாமலா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பெயர் இருந்தால் உதவ முடியும், இல்லாவிட்டால் மனம்விட்டு எழுதுவார்கள். இரண்டுக்கும் தனித்தனித் தாள் வையுங்கள். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மின்னஞ்சலை வைத்து யாரென்று தேடினால், அந்த ஆண்டு முழுக்க உங்களை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் கேள்வித்தாள் போகும் முன்பே தயார் செய்ய வேண்டும். ராகிங், தொந்தரவு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி யாராவது எழுதக்கூடும். பதில்களை அன்றாடம் படிக்க ஒருவர் வேண்டும். அப்படி ஒன்று வந்தால் அதே நாளில் யாரிடம் போக வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயரில்லாத தாளில் முதல் வரியிலேயே உதவி எண்ணும் ஆலோசகரின் அறையும் இருக்கட்டும். பகுப்பாய்வு முடியட்டும் என்று இதற்குக் காத்திருக்க முடியாது.

கேள்வித்தாளுக்குப் பிறகு ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழு உரையாடல்கள் மூன்று நான்கு நடத்துங்கள். அவர்களுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர் அங்கே இருக்கக் கூடாது. படிப்பை விட்டவர்களையும் தொலைபேசியில் அழையுங்கள். விலகல் படிவத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று மட்டும் இருக்கும். சில வாரம் கழித்து, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் அழைத்து, ‘போய்விடலாம் என்று முடிவெடுத்த அந்த வாரத்தில் என்ன நடந்தது?’ என்று கேட்டால் வேறு கதை வரும். திரும்ப வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அப்படியும் சிலர் திரும்பி வர வழி உண்டா என்று கேட்பார்கள், அதற்கான பதிலைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை

உயர்கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் சொன்ன அடிப்படை இன்றும் உதவும்: மாணவர் எந்த நிலையில் வந்தார், கல்லூரியில் எதைப் பெற்றார், எந்த நிலையில் வெளியேறினார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிக மதிப்பெண்ணுடன் வந்தவர்கள் நிறைந்த துறையில் தேர்ச்சி அதிகம் இருப்பதில் வியப்பில்லை. அதை வைத்து அந்தத் துறையின் ஆசிரியர்களைப் பாராட்டவும் வேண்டாம், இன்னொரு துறையைக் குறை சொல்லவும் வேண்டாம். ஒரே மாதிரி மதிப்பெண்ணுடன் வந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

இரண்டு மூன்று மாற்றங்கள் மட்டும்

இந்த நிலையில் உங்கள் கையில் நாற்பது குறைகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொட்டால் எதுவும் நிற்காது. அதிகம் பேரைத் தொடுவது, அடுத்த செமஸ்டருக்குள் செய்யக்கூடியது, பொறுப்பேற்க ஒரு பெயர் இருப்பது என்ற மூன்றும் பொருந்துவதை எடுங்கள். எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் சொல்பவை இவை.

மூன்றாம் வாரத்துக்குள் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்த மதிப்பெண் கொண்ட ஒரு சிறு பயிற்சி வைத்து, ஒரே வாரத்தில் திருத்திக் கொடுங்கள். எட்டாம் வாரத்தில் முதல் தேர்வு எழுதும் மாணவருக்குத் தான் பின்தங்கியிருப்பது அப்போதுதான் தெரிகிறது. தெரிந்து மீளுவதற்குள் பாதி செமஸ்டர் போய்விடும்.

தொடர்ந்து வராதவரை ஒரு மனிதர் அழைக்க வேண்டும். பல கல்லூரிகளில் எச்சரிக்கை மென்பொருள் இருக்கிறது. அது சிவப்பு நிறத்தில் ஒரு பெயரைக் காட்டும், அதோடு சரி. எந்த ஆசிரியர், எத்தனை நாளுக்குள் அழைப்பார், பேசியதை எங்கே குறிப்பார் என்பதை முடிவு செய்யாமல் மென்பொருள் வாங்குவதில் அர்த்தமில்லை. எப்படிப் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். ‘உன் வருகை குறைந்துவிட்டது, தேர்வு எழுத முடியாது’ என்று தொடங்கினால் மாணவர் அடுத்த அழைப்பை எடுக்க மாட்டார். ‘என்னப்பா, ஒரு வாரமா வகுப்புல உன்னக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா? நாளைக்கு வந்து பாக்குறியா, விட்டுப்போன பாடத்த எங்க தொடங்கலாம்னு சேர்ந்து பாப்போம்’ என்று ஓர் ஆசிரியை பேசினால் நிலைமை வேறு. மாணவருக்குத் தேவை ஒரு வழியும், தன்னைக் காணவில்லை என்று கவனித்த ஓர் ஆளும்.

சிறு தொகைக்காக யாரும் போகாமல் பாருங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கட்டண நிலுவைக்காகப் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களில் பலர் படிப்பில் நன்றாகவே இருந்தார்கள், பாக்கித் தொகையும் சிறியது என்று தெரிய வந்தது. 2011 முதல் அவர்களுக்குச் சிறு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். மாணவர் விண்ணப்பிக்கும் வரை காத்திருக்காமல், பதிவேட்டைப் பார்த்துக் கல்லூரியே அவர்களைத் தேடிப் போனது. அதே பல்கலைக்கழகம் 2016-இல், இடம் கிடைத்தும் கோடை விடுமுறையில் மனம் மாறியோ படிவங்களில் சிக்கியோ வந்து சேராமல் போகிறவர்களுக்காக, குறுஞ்செய்தியில் பதில் தரும் தானியங்கி உரையாடல் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்தச் செய்திகளைப் பெற்ற குழுவில் சேராமல் விட்டவர்கள் குறைந்தார்கள்.

‘இந்த இடம் எனக்கானது இல்லை’ என்ற எண்ணத்தையும் கவனிக்க வேண்டும். உளவியலாளர்கள் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்கள் சீனியர்களின் அனுபவங்களைப் படித்தார்கள். ஆரம்பத்தில் அந்நியமாக உணர்வது எல்லோருக்கும் நடப்பது, காலப்போக்கில் குறைவது என்பதே அவற்றின் சாரம். பிறகு தங்கள் அனுபவத்தையும் எழுதினார்கள். ஒரு மணி நேர வேலைதான். அந்தக் கல்லூரியில் சிறுபான்மையாக இருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண், மூன்று ஆண்டுக் காலத்தில் ஒப்பீட்டுக் குழுவைவிட உயர்ந்தது. உங்கள் சீனியர்களிடமும் இப்படி எழுதி வாங்கலாம். வெற்றிக் கதையாக அலங்கரிக்க வேண்டாம், முதல் இரண்டு மாதம் உண்மையில் எப்படி இருந்தது என்று எழுதினால் போதும். ஆனால் வகுப்பில் ஒரு மாணவரை அவமானப்படுத்தும் ஆசிரியர் இருந்தால், இந்தக் கட்டுரைகளைக் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது. அதை நேராகவே சரிசெய்ய வேண்டும்.

வரவேற்பு நிகழ்ச்சியை என்ன செய்வது? முதல் மூன்று நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல் செமஸ்டர் முழுக்கப் பிரியுங்கள். தேர்வு விதிகள் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, விருப்பப் பாடம் பற்றிய பேச்சு தேர்ந்தெடுக்கும் வாரத்தில். முதல் நாளில் வழியும், மனிதர்களின் முகமும், உதவி கிடைக்கும் இடமும் தெரிந்தால் போதும்.

வேலை செய்ததா?

கூட்டுப் படிப்புக்கு வந்தவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்று உடனே அறிக்கை எழுதிவிடாதீர்கள். தாமாக வருபவர்கள் பலர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். முடிந்தால் சில பிரிவுகளில் இந்த ஆண்டும் மற்றவற்றில் அடுத்த ஆண்டும் தொடங்கி, இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்தப் பிரிவு முதலில் என்பதைக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். அது முடியாவிட்டால் முந்தைய ஆண்டில் அதே அளவு மதிப்பெண்ணுடன் வந்தவர்களோடு ஒப்பிடுங்கள். எத்தனை பேருக்கு அழைப்பு போனது, எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை பேர் வகுப்புக்குத் திரும்பினார்கள் என்று ஒவ்வொரு படியையும் எண்ணுங்கள். முடிவு மோசமாக வந்தால், திட்டம் தவறா, திட்டம் நடக்கவே இல்லையா என்பது இந்த எண்களில்தான் தெரியும்.

கேள்வித்தாளுக்குப் பதில் சொன்ன மாணவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் ஒரே பக்கத்தில் பதில் கொடுங்கள்: நீங்கள் சொன்னது இது, இதை மாற்றினோம், இதை இந்த ஆண்டு மாற்ற முடியவில்லை, காரணம் இது. இது வராத கல்லூரியில் இரண்டாம் கணிப்புக்குப் பதில் தருபவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: பட்டியலின் வரையறை, எண்கள் எடுத்த தேதி, கேள்வித்தாள், செய்த மாற்றம், பொறுப்பாளர் பெயர். நீங்கள் வேறு பொறுப்புக்கு மாறினால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. முக்கியமான நான்கு ஐந்து கேள்விகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சொல்கூட மாற்றாமல் வைத்திருங்கள். ஒரு கேள்வியை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அந்த ஆண்டு பாதிப் பேருக்குப் பழைய வடிவத்தையும் பாதிப் பேருக்குப் புதியதையும் கொடுங்கள். இரண்டு பாதிகளின் பதில்களை வைத்து, பழைய ஆண்டுகளின் எண்களைப் புதியதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.